கடலடியில் கிடக்கும் கப்பல்களைக் காக்க 2042 வரை காத்திருக்க வேண்டாம்

கௌரவ கலாசார அலுவல்கள் அமைச்சர் அவர்களுக்கும், கௌரவ கடற்றொழில் அமைச்சர் அவர்களுக்கும், தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், கடற்படைத் தளபதி அவர்களுக்கும்,



மட்டக்களப்புக் கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தள்ளி, 53 மீற்றர் ஆழத்தில் ஹெர்மிஸ் என்ற போர்க்கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. விமானங்களைச் சுமப்பதற்கென்றே முதன்முதலாக வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் அது. உலகக் கடற்போர் வரலாற்றை எழுதுகிற எவரும் அதைக் குறிப்பிடாமல் தாண்ட முடியாது. வெளிநாடுகளிலிருந்து ஆழச் சுழியோடிகள் அதற்காகவே மட்டக்களப்புக்கு வருகிறார்கள். ஆனால் நம்முடைய பாடப்புத்தகங்களில் அதற்கு இடம் இல்லை. கல்லடிப் பாலத்தில் மாலைக் காற்று வாங்க நிற்கிற பிள்ளையிடம் கேட்டால், பாடும் மீனைப் பற்றிச் சொல்லும். ஹெர்மிஸ் பற்றிச் சொல்லாது. அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் கப்பலுக்காகவும், கிழக்குக் கரை நெடுகக் கிடக்கும் மற்றக் கப்பல்களுக்காகவும் உங்கள் நால்வரிடமும் ஒன்றைக் கேட்கவே இதை எழுதுகிறேன். இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வர்த்தமானியில் அறிவித்துச் சட்டத்தின் காவலுக்குள் கொண்டு வாருங்கள். அந்தக் காவலைக் கரையில் வாழ்கிறவர்களிடமே ஒப்படையுங்கள். இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். ஒன்று இல்லாமல் மற்றது நடந்தால் அதனால் பயன் இல்லை. சில வேளை கேடும் வரும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி நடந்ததை முதலில் நினைவுபடுத்த வேண்டும். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிப் படை, ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிவிட்டு, நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கு வந்தது. தாக்குதல் வரப்போகிறது என்று தெரிந்ததால் ஹெர்மிஸ் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே ஓடியது. துணைக்கு அவுஸ்திரேலியாவின் வம்பயர் என்ற நாசகாரிக் கப்பல் போனது. காலையில் திரும்பி வரும்போது ஜப்பானிய உளவு விமானம் ஒன்று இரண்டையும் கண்டுவிட்டது. விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. துணைக்கென்று கரையிலிருந்து கிளம்பிய விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, அரைமணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது. 307 பேர் அதனோடு போனார்கள். தளபதி ஒன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர். வம்பயரும் அங்கேயே உடைந்து மூழ்கியது. அருகில் போய்க்கொண்டிருந்த வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து தூக்கியது. நீந்தியே கரை சேர்ந்தவர்களும் உண்டு.

அதே நாளில், அதே கடலில், ஹொலிஹொக் என்ற சிறிய காவல் கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் மூழ்கின. திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நின்ற சகாய்ங் என்ற கப்பல் குண்டுபட்டு எரிந்தது. ஒரே காலைப்பொழுதில் இத்தனை. நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்களைக் காணலாம். புல் வெட்டி, பூச்செடி வைத்து, நன்றாகவே பராமரிக்கிறார்கள். ஹெர்மிஸின் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. கப்பல்தான் அவர்களுடைய கல்லறை.

உடல் கிடைக்காத சாவு என்றால் என்ன என்று இந்தக் கரைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. போர் கொண்டுபோனவர்களின் தாய்மார் இன்றும் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் இருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: அந்த 307 பேர் எந்த நாட்டவர், எந்தப் பேரரசுக்காகச் சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு முக்கியம் இல்லை. எங்கள் கடலில் கிடக்கிறார்கள். அவர்களை இரும்புக் கடைக்காரனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

கப்பல்கள் இன்று எப்படி இருக்கின்றன என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். உங்களில் பலர் அவற்றைக் காண வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிழக்கில் வாடை ஓய்ந்த பிறகுதான் கடல் இறங்கவிடும்; ஏப்ரல் மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாதங்களிலும் எல்லா நாளும் ஒன்றில்லை. மேலே கண்ணாடி போல் கிடக்கிற தண்ணீருக்கு அடியில் நீரோட்டம் ஆளை இழுத்துக்கொண்டு போகும். கொட்டியாரக் குடாவில் மகாவலி கலக்கிற பக்கம் சேறு கரைந்தால் முன்னே நீட்டிய கை தெரியாது. திருகோணமலையில் மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. பாறையைத் தாண்டி இரண்டு தடவை காலை உதைத்தால் கீழே ஆழம் கருத்துக் கிடக்கும். உயரமான குன்றுகளும், நீருக்குள் மறைந்த பார்களும், திடீரென்று விழும் பள்ளங்களும் உள்ள இந்தக் கரை பாய்மரக் காலத்திலிருந்தே கப்பல்களை வாங்கி வைத்திருக்கிறது.

பாசிக்குடாப் பக்கத்துப் பிரிட்டிஷ் சார்ஜன்ட் 25 மீற்றருக்கு உள்ளேதான் கிடக்கிறது. பயிற்சி பெற்ற சாதாரணச் சுழியோடி இறங்கிப் பார்க்கலாம். உடைந்து கவிழ்ந்து கிடக்கிற உடலின் மேல் மென்பவளம் படர்ந்திருக்கிறது. உள்ளே இருட்டில் களவாய் மீன்கள் தங்குகின்றன. வெளியே பாரைக் கூட்டம் சுற்றுகிறது. மணல்வெளியாகக் கிடக்கும் கடல்தரையில் இப்படி ஒரு மேடு இருந்தால் குஞ்சு மீனுக்கு ஒதுங்க இடம் கிடைக்கிறது. குஞ்சு தங்கினால் பெரிய மீன் வருகிறது. தூண்டில்காரருக்கு இது நன்றாகத் தெரியும். கரையில் தெரியும் மலையையும் மரத்தையும் நேர்கோட்டில் வைத்து இந்த இடங்களை அப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுத்த காலம் போய், இன்று ஜிபிஎஸ் எண்களாகக் கைபேசிகளுக்குள் இரகசியமாக இருக்கின்றன. கப்பல் அழிந்தால் முதலில் அழிவது அவர்களுடைய சோறு.

எப்படி அழிகிறது? தானாகவும் அழிகிறது, ஆளாலும் அழிகிறது. உப்புநீரில் உருக்கு துருப்பிடிக்கும். ஆனால் காலப்போக்கில் துருவும் சுண்ணாம்பும் பவளமும் சிப்பியும் சேர்ந்து அதன்மேல் கனத்த ஓடாக இறுகிவிடுகின்றன. அந்த ஓடு ஒட்சிசனை உள்ளே விடாமல் தடுப்பதால் துருவின் வேகம் குறைகிறது. நங்கூரம் விழுந்து ஓட்டைப் பெயர்த்தாலோ, வெடி வைத்தாலோ, பச்சை இரும்பு வெளியே வந்து அரிப்பு மறுபடியும் விரைவாகத் தொடங்குகிறது. பத்தாண்டுகளில் போக வேண்டியது சில பருவங்களில் போய்விடும். மரக்கப்பல் என்றால் இன்னும் மோசம். சேற்றுக்குள் புதைந்த மரம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். சேறு விலகினால் கப்பல்புழு தின்று தீர்த்துவிடும்.

வெடி ஏன் வைக்கிறார்கள் என்பதும் நீங்கள் அறியாததல்ல. சிலர் மீனுக்காக வைக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது; தடை இருந்தும் வெடிச்சத்தம் கேட்கத்தான் செய்கிறது. வேறு சிலர் இரும்புக்காகவும், அதைவிட விலை போகும் வெண்கல ப்ரொப்பெல்லருக்காகவும் பித்தளைக் குழாய்களுக்காகவும் செம்புக் கம்பிகளுக்காகவும் வைக்கிறார்கள். சிலிண்டர் கட்டி இறங்குகிற ஏழைப் பொடியனுக்கு அதில் கிடைப்பது கொஞ்சக் காசு. வாங்கி விற்கிறவருக்குத்தான் லாபம். ஆகவே பொடியனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதால் எதுவும் மாறாது. பழைய இரும்புக் களஞ்சியங்களில் கடல் இரும்பு எங்கிருந்து வந்தது என்று கணக்குக் கேட்க வேண்டும்.

இது சின்ன விடயம், நாங்கள் பெரிதாக்குகிறோம் என்று நினைத்தால், ஜாவாக் கடலைப் பாருங்கள். 1942 பெப்ரவரியில் அங்கே மூழ்கிய நெதர்லாந்தின் டி ரைட்டர், ஜாவா என்ற இரண்டு போர்க்கப்பல்களைத் தேடி 2016இல் சுழியோடிகள் இறங்கியபோது கப்பல்கள் அங்கே இல்லை. கடல்தரையில் கப்பல் கிடந்த அச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆயிரக்கணக்கான தொன் எடையுள்ள கல்லறைகள் துண்டு துண்டாக வெட்டி எடுக்கப்பட்டுவிட்டன. மலேசியக் கடலில் கிடக்கும் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகியவற்றுக்கும் இதே கதி நேர்ந்துகொண்டிருந்தது. 2023இல் மலேசியக் கடலோரக் காவல் அமைப்பு, பழைய பீரங்கிக் குண்டுகளும் துருப்பிடித்த இரும்பும் ஏற்றி நின்ற ஒரு சீனக் கப்பலைத் தடுத்து வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இவை எல்லாம் ஹெர்மிஸ் மூழ்கிய அதே போரின் கப்பல்கள். பெரிய கிரேன் பூட்டிய தோணி ஒன்று மட்டக்களப்புக் கடலுக்கு வந்து சில இரவுகள் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. நீருக்கடிப் பண்பாட்டு மரபைக் காப்பதற்காக யுனெஸ்கோ 2001இல் கொண்டுவந்த சாசனம், 100 ஆண்டுகளாவது நீருக்கடியில் கிடந்த பொருளையே மரபு என்று கொள்கிறது. அந்தக் கணக்கின்படி ஹெர்மிஸ் 2042 ஏப்ரலில்தான் மரபு ஆகும். போர்க்கப்பல் மூழ்கினாலும் கொடி நாட்டின் உடைமைதான் என்பது உலக வழக்கம் என்றாலும், பிரிட்டன் வந்து கல்லடிக் கடலில் காவல் நிற்கப் போவதில்லை. தனியார் எண்ணெய்க் கப்பல்களுக்கு அந்தத் துணையும் இல்லை. ஆகவே 2042 வரையான இந்த இடைவெளியில்தான் இரண்டாம் உலகப்போர்க் கப்பல்கள் எல்லாம் விழுந்து கிடக்கின்றன. நூற்றாண்டு விழாவுக்கு மாலை எடுத்துக்கொண்டு போகும்போது கீழே கப்பல் இருக்க வேண்டும். அதற்கு வழி, வயதைப் பாராமல், கப்பலின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லி, இது காக்கப்பட்டது, இதிலிருந்து ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்று தனித்தனியாக அறிவிப்பதுதான். அதே சாசனம் இன்னொன்றும் சொல்கிறது: கிடந்த இடத்திலேயே காப்பதுதான் முதலில் நினைக்க வேண்டிய வழி என்று. இந்த நெறியை நாம் இன்றே கையில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இந்த இடத்தில் கடற்படைத் தளபதி அவர்களிடம் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். முன்னே சொன்ன சகாய்ங், எரிந்தபின் 1943இல் துறைமுகத்துக்குள்ளேயே இறங்குதுறையாகப் பயன்படும்படி அமிழ்த்தப்பட்டது. 75 ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 2018 மார்ச்சில் உங்கள் சுழியோடிகள் மாதக்கணக்கில் உழைத்து அதைத் தண்ணீருக்கு மேலே மிதக்கவைத்தார்கள். நீருக்கடியில் ஓட்டை அடைத்து, தடுப்புக் கட்டி, நீரை இறைத்து, அவ்வளவு பெரிய உடலைத் தூக்குவது சாதாரண வேலை இல்லை. அந்தத் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் துறைமுகத்தில் இடம் வேண்டும் என்ற தேவை எழுந்தபோது, அந்தக் கப்பலின் கதையை யார் யாரிடம் கேட்டார்கள்? திருகோணமலை மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்களிடம் இருக்கிற அதே சுழியோடிகள், அதே கருவிகள், ஹெர்மிஸை அளக்கவும் படம் பிடிக்கவும் ஒரு பருவம் இறங்கினால், உலகம் பார்த்து வியக்கும் பதிவு ஒன்று நம் கையில் இருக்கும். தூக்குவதற்குக் காட்டிய உழைப்பில் பாதியைக் காப்பதற்குக் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனி, தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு. கிழக்கில் உங்கள் திணைக்களத்தின் பெயர்ப்பலகையைக் கண்டால் மக்கள் முதலில் நினைப்பது தங்கள் காணியைத்தான். வயலும் மேய்ச்சல் தரையும் கோயில் வளவும் போய்விடுமோ என்ற பயம் வீடுவீடாக இருக்கிறது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளை முகாமைத்துவம் செய்யவென்று ஜனாதிபதிச் செயலணி ஒன்றை அமைத்தபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. இந்த மாகாணத்தில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் அவர்களுடைய நிலத்தின் வரலாற்றைப் பற்றி முடிவெடுக்கப் பார்த்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை. இதை மறைத்துக்கொண்டு உங்களிடம் காவல் கேட்டால் நான் நேர்மையாக எழுதுகிறவன் ஆகமாட்டேன்.

எனவே, கப்பல்களைக் காக்கிறோம் என்று சொல்லிக் கடலில் கோடு கிழித்துத் தூண்டில்காரரை விரட்ட வேண்டாம். கரைவலைக்காரரின் பாடு ஏற்கெனவே போதும். கப்பலின் மேல் நங்கூரம் போடாமல், வெடி வைக்காமல், வலையைச் சிக்கவைக்காமல், சுற்றி நின்று தூண்டில் போடுகிறவரால் கப்பலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவர் அங்கே நிற்பதே காவல். இரவில் புதிய தோணி ஒன்று வந்து நின்றால் முதலில் காண்கிறவர் அவர்தான். கல்லடி, வாழைச்சேனை, கல்குடா, மூதூர், திருகோணமலை மீனவர் சங்கங்களிலிருந்து ஆட்களை எடுத்து, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்த குழுவை அமையுங்கள். வரைபடத்தில் எல்லையை அவர்களோடு உட்கார்ந்து வரையுங்கள். அறிவித்தல் தமிழிலும் இருக்கட்டும். அதுவும் பிழையில்லாத தமிழில்.

கடலுக்குள் இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருவோம். தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் கோதவாயக் கடலில் 30 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிற கப்பல், இந்து சமுத்திரத்தில் இதுவரை கண்டெடுக்கப்பட்டவற்றில் மிகப் பழையது என்கிறார்கள் அறிஞர்கள். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை. கண்ணாடிக் கட்டிகளும் இரும்புக் கட்டிகளும் மட்பாண்டங்களும் ஏற்றிய சரக்குக் கப்பல். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஓடிய வணிகத்தின் நேரடிச் சாட்சி அது. அதை முதலில் கண்டவர்கள் மீனவச் சுழியோடிகள். கண்டதைக் கடலிலேயே உடைத்து விற்காமல், வேலைப்பாடுள்ள கல் ஒன்றைக் கொண்டுவந்து அறிஞர்களிடம் காட்டினார்கள். அதன்பிறகுதான் ஆய்வுக் குழுக்கள் வந்தன. அந்த இரண்டு மூன்று பேரின் நல்ல மனம் இல்லாமல் போயிருந்தால் இந்து சமுத்திர வரலாற்றில் ஒரு அத்தியாயமே இல்லாமல் போயிருக்கும்.

1961இல் சுழியோடி மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் தென்கிழக்குக் கடலிலுள்ள பெரிய பாசஸ் பாரில் படம் பிடிக்க இறங்கியபோது, ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி நாணயங்கள் மூட்டை மூட்டையாக இறுகிப்போய்க் கிடந்ததைக் கண்டார்கள். 1702ஐ ஒட்டிய காலத்து நாணயங்கள். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன் 1956இல், வில்சனும் கிளார்க்கும்தான் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே இறங்கி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கடல்தரையில் கண்டார்கள். கிளார்க்கின் பேரால் உலகம் இவற்றை அறிந்தது, நல்லதுதான். ஆனால் கோணேசரைக் கும்பிட்டு வளர்ந்த ஊரின் பிள்ளைகளில் ஒருவர், முறையான பயிற்சி பெற்று, அந்தக் குன்றடியின் கடல்தரையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடமாக்கும் நாள் எப்போது வரும்? பல்கலைக்கழகங்கள் இரண்டு இருக்கின்றன, ஒன்று வந்தாறுமூலையில், மற்றது ஒலுவிலில். கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மாகாணத்தில் கடல்சார் தொல்லியல் படிக்க வழி வேண்டும்.

காலியில் மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவு இருக்கிறது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய ஏவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பலை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் உதவியோடு அகழ்ந்தவர்கள் அவர்கள்தான். இலங்கையர் கற்று வளர்ந்த நல்ல வேலை அது. சுனாமி அவர்களுடைய கட்டிடத்தையும் கருவிகளையும் எடுத்த பொருட்களில் ஒரு பகுதியையும் அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் மீண்டும் எழுந்தார்கள். அந்த அனுபவத்தைக் கிழக்குக்கும் கொண்டு வாருங்கள் என்கிறேன். மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ ஒரு கிளை வேண்டும். அதில் படகு, அளக்கும் கருவிகள், ஊர்ச் சுழியோடிகள், உப்பு நீக்கும் தொட்டிகளோடு ஒரு ஆய்வுகூடம் எல்லாம் இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடலிலிருந்து தூக்கிய இரும்புப் பீரங்கியை அப்படியே வெயிலில் வைத்தால், உள்ளே ஊறிய உப்பு காய்ந்து, சில ஆண்டுகளில் ஏடு ஏடாக உதிர்ந்துவிடும். உப்பை வெளியேற்ற ஆண்டுக்கணக்கில் வேதியியல் குளியல் வேண்டும். ஊறிய மரமும் அப்படித்தான். காய்ந்தால் சுருண்டு வெடிக்கும். தொட்டி இல்லாமல் தூக்குவது, காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் கொல்வது. அலுவலக முற்றங்களில் அழகுக்கு வைத்திருக்கும் பீரங்கிகளில் கையை வைத்துப் பாருங்கள், விரலோடு துரு வரும்.

கடற்றொழில் அமைச்சர் அவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள் இருக்கிறது. ஹெர்மிஸ் கிடக்கும் 53 மீற்றர், சாதாரணச் சுழியோட்டத்துக்கு வகுத்த 40 மீற்றர் எல்லையைத் தாண்டியது. அந்த ஆழத்தில் மூச்சுக்காற்றிலுள்ள நைதரசன் மூளையை மயக்கும். குடித்தவனைப் போல் தப்பான முடிவெடுக்க வைக்கும். இரத்தத்தில் கரைந்த நைதரசன், மேலே விரைந்து வந்தால் குமிழியாகி நரம்பையும் முள்ளந்தண்டையும் தாக்கும். உல்லாசப் பயணிக்கு இது தெரியும். ஹீலியம் கலந்த வாயு, கணினி, ஒவ்வொரு ஆழத்திலும் நின்று நின்று ஏறுவதற்கான அட்டவணை எல்லாம் கொண்டு வருகிறார். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிற நம்முடைய பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கி, கால் விளங்காமல் பாயில் கிடக்கிற இளைஞர்களை வடக்கிலும் கிழக்கிலும் கரையோரக் கிராமங்களில் காணலாம். அவர்களுக்குச் சான்றிதழோடு பயிற்சி கொடுங்கள். எந்த நேரத்திலும் பொதுமகன் போய்ச் சேரக்கூடிய அமுக்க அறைச் சிகிச்சை மட்டக்களப்புக்கு எட்டிய தூரத்தில் இருக்கட்டும். இந்தக் கடலை இவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. பயிற்சி கிடைத்தால் கப்பல்களை அளக்கவும் காக்கவும் சிறந்த கைகள் இவர்களுடையவைதான். வெடி வைக்கவும் இரும்பு எடுக்கவும் போகிறவருக்கு வேறு வேலை கொடுக்கிற வழியும் இதுவே.

சுற்றுலாவை நான் எதிர்க்கவில்லை. கப்பல்களைப் பார்க்க வருகிறவர் வரட்டும். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாகியும், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பவளத்தின்மேல் நடந்து நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அறிவித்தல் மட்டும் எதையும் காக்காது. ஒவ்வொரு கப்பலுக்கும் நிலையான மிதவை கட்டுங்கள். படகுகள் அதில் கட்டட்டும், நங்கூரம் போட வேண்டாம். இறங்குகிறவரிடம் கட்டணம் வாங்குங்கள்; அதில் பெரும்பங்கு அந்தந்தக் கரையின் மீனவர் சங்கத்துக்குப் போகட்டும். ஹெர்மிஸுக்குள் நுழையக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அது கல்லறை. கரையில், கல்லடியில், ஒரு சிறிய காட்சிக்கூடம் போதும். கப்பலின் மாதிரி, அன்றைய காலையின் கதை, இறந்தவர்களின் பெயர்கள் மூன்று மொழிகளிலும் இருக்கட்டும். பள்ளிக்கூடங்கள் பஸ் பிடித்து வரும்.

எனக்குத் தெரிந்தவரை இவற்றில் பெரும் பணம் வேண்டியது ஆய்வுகூடத்துக்கும் அமுக்க அறைக்கும்தான். வர்த்தமானிக்குத் தாளும் மனமும் போதும். மிதவைகளுக்குக் கடற்படையின் ஒரு வாரப் பயிற்சி போதும். ஊர்க் குழுவுக்கு அழைப்புக் கடிதங்கள் போதும்.

வரும் வாடைக்காலம் முடிந்து கடல் திறப்பதற்குள், முதற்கட்டமாக ஹெர்மிஸ், ஹொலிஹொக், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி அறிவியுங்கள். அதற்கு முன், மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்தில் உங்கள் நால்வரின் பிரதிநிதிகளும் மீனவர் சங்கங்களும் சுழியோடிகளும் ஒன்றாக உட்காரும் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். திகதி குறித்து அரசாங்க அதிபருக்கு அறிவித்தால் போதும். கரைக்குச் சொல்லி ஆட்களை அழைத்துவருவது எங்கள் பொறுப்பு. கப்பல்கள் கிடக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துத் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம், அந்த வரைபடம் இரும்பு வியாபாரியின் கைக்குப் போகாது என்று நீங்கள் எழுத்தில் உறுதி தந்தால்.

இப்படிக்கு,
மட்டக்களப்புக் கரையிலிருந்து ஒரு சுழியோடி